கடல் எந்தக் கைப் பக்கம்

மூன்றாவது போஸ்ட் கார்டு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. காலைப் பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தபோது, ஆயா அதைக் கொண்டுவந்து ரமாபாயின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். எண்ணூரிலிருந்து பொன்னுரங்கம் என்ற வாத்தியார் எழுதியிருந்தார். ரமாபாய் அவர் முகத்தைப் பார்த்ததுகூட இல்லை.

"டீச்சருக்கு வணக்கம். தங்கள் திசைப் பாடத்தை எங்கள் பள்ளியில் நடத்தினேன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஒரு பெண் பிள்ளை மட்டும் எழுந்து, வீடு மாறிவிட்டால் கடல் எந்தக் கைப் பக்கம் என்று கேட்டது. நான் யோசிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மறுநாள் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று பார்த்தால், எந்தப் பிள்ளை என்று பிடிபடவில்லை. தாங்கள் இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? எழுதவும்."

ரமாபாய் இரண்டு தரம் படித்தாள். பிறகு கார்டை வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் செருகினாள். அங்கே ஏற்கெனவே இரண்டு கார்டுகள் இருந்தன. ஒன்று மணலியிலிருந்து, மற்றது சாத்தாங்காட்டிலிருந்து. கையெழுத்து வேறு, மையும் வேறு. கேள்வி மட்டும் அச்சில் வார்த்தது போல ஒன்றே.

அந்தக் கேள்வியை அவள் ஏற்கெனவே ஒரு தரம் காதால் கேட்டிருக்கிறாள். கேட்டவள் ராஜாத்தி. மூன்றாம் வகுப்பு, எட்டு வயது. பதினைந்து மாதமாக அவள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

ரமாபாயைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில், பத்துக்குப் பத்து வீட்டில், புத்தர் படத்துக்குக் கீழே உட்கார்ந்து படித்து வேலைக்கு வந்தவள். காசிமேட்டுப் பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் அவளைப் போலப் பாடம் நடத்த ஆள் கிடையாது என்று தலைமையாசிரியரே சொல்வார்.

திசைப் பாடத்தைப் புத்தகம் சூரியனில் ஆரம்பித்தது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சூரியனைப் பார்த்தா வழி கண்டுபிடிக்கிறார்கள்? லாரியும் கிரேனும் கோடவுன் கூரையும் அதை மறைத்துக்கொள்ளும். கடல் மட்டும் எங்கேயும் போகாது. அதனால் ரமாபாய் பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனாள். ஒவ்வொரு பிள்ளையையும் அதன் வீடு இருக்கும் பக்கம் முகம் காட்டி நிற்கவைத்து, கடல் எந்தக் கைப் பக்கம் வருகிறது என்று கேட்டாள். தெற்கே ராயபுரத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு இடது கை. வடக்கே திருவொற்றியூருக்குப் போகிறவர்களுக்கு வலது கை.

"கூட்டத்துல தொலைஞ்சு போனா அழக் கூடாது. உங்க கை எதுன்னு நெனப்புல வெச்சிக்கங்க. கடல அந்தக் கைப் பக்கம் வெச்சிகினு நேரா நடங்க. வூடு வந்துரும்" என்று சொல்லிக் கொடுத்தாள்.

ராஜாத்திக்கு வலது கை. திருவொற்றியூர்க் கரையோரக் குடிசையில் அவளும் அவள் அம்மா குப்பம்மாவும் இருந்தார்கள்.

அந்த வருஷம் மார்ச் மாதம் குடிசைகள் தீப்பிடித்தன. யாரோ ஒருத்தியின் அடுப்பு, அதற்கேற்ற காற்று. நாற்பது குடும்பங்களை மேற்கே கொடுங்கையூரில் தகரக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார்கள். பரீட்சை முடிகிறவரை பள்ளியை மாற்ற வேண்டாம் என்று குப்பம்மா சொல்லிவிட்டாள். பக்கத்துக் கொட்டகைக்காரி தன் இரண்டு பிள்ளைகளோடு ராஜாத்தியையும் பஸ்ஸில் அழைத்து வருவாள், அழைத்துப் போவாள்.

அப்போதுதான் ஒரு நாள் ராஜாத்தி எழுந்து நின்றாள். "டீச்சர், எங்க வூடு மாறிப்போச்சு. இப்ப கடல் எந்தக் கைப் பக்கம்?"

பன்னிரண்டு மணிக்குள் மண்டல அலுவலகத்துக்குப் போக வேண்டிய பட்டியலை ரமாபாய் எழுதிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "சொன்னதுதான். வலது கை. உக்காரு."

நாலு நாள் கழித்துக் கொட்டகைக்காரிக்கு வீட்டோடு காய்ச்சல். அன்று காலை குப்பம்மாவே மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து சேர அரை மணி தாமதமாகிவிட்டது. பள்ளி வாசலில் யாரும் இல்லை.

எல்லாரும் கொடுங்கையூர் வழியில் தேடினார்கள். பஸ் நிறுத்தம், மூலக்கடை, குப்பைமேடு ஒன்றையும் விடவில்லை. மூன்றாம் நாள் கார்குழலி என்ற பிள்ளை ரமாபாயின் மேசையருகில் வந்து நின்றது.

"டீச்சர், ராஜாத்தி கடல வலது கைப் பக்கம் வெச்சிகினு வூட்டுக்குப் போறேன்னு சொல்லிச்சு. நீங்கதான் சொன்னீங்களாம்."

ரமாபாய் சுற்றும்முற்றும் பார்த்தாள். குனிந்து அந்தப் பிள்ளையின் காதில் சொன்னாள். "இத யாராண்டயும் சொல்லாத."

அன்று மத்தியானம் விடுப்புப் போட்டுவிட்டுத் தனியாகத் திருவொற்றியூருக்குப் போனாள். கரிந்த கம்பங்கள், கரையில் கொட்டிய கருங்கற்கள், நாலைந்து ஆடுகள். "ராஜாத்தி" என்று இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். அலை வந்து கல்லில் மோதியது, அவ்வளவுதான். திரும்பி வந்துவிட்டாள். போலீஸிடம் சொல்லவில்லை. குப்பம்மாவிடமும் சொல்லவில்லை. முதல் நாள் வேலை போய்விடுமோ என்ற பயம். பத்தாம் நாள், பத்து நாள் சொல்லாமல் இருந்துவிட்ட வெட்கம். அன்றைக்கே சொல்ல வேண்டியதை மறுநாள் சொல்வது எவ்வளவு பாரம் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். நாள் கூடக்கூட அது கல்லாகிப்போனது.

அந்த ஆகஸ்ட் மாதம் வட சென்னை ஆசிரியர்களுக்கெல்லாம் பத்து நாள் பயிற்சி நடந்தது. பயிற்சி கொடுக்க வந்தவர் கையிலிருந்த புத்தகத்தை வரி விடாமல் வாசித்தார். ஒரு நாள் அவருக்கே அலுத்துப்போய், "உங்கள் பள்ளியில் நன்றாக வந்த பாடம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார். ரமாபாய் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி சும்மா இருக்கக் கூடாதா? எழுந்து, "எங்க ரமாபாய் கடல வெச்சே திசை சொல்லிக் குடுப்பாங்க" என்று முழுவதையும் சொல்லிவிட்டாள். கூடம் கைதட்டியது. அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் தன் வாழ்க்கையிலேயே நீளமான அரை நிமிஷம் என்று ரமாபாய் அப்போது நினைத்தாள்.

சாப்பாட்டு வேளையில் மூன்று பேர் அவளைத் தேடி வந்தார்கள். ராயபுரத்தில் உதவிபெறும் பள்ளி ஒன்றின் கணக்கு வாத்தியார் ஸ்டானிஸ்லாஸ், ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. வண்ணாரப்பேட்டையில் பெண் பிள்ளைகள் பள்ளியில் தமிழ் நடத்தும் ரஹீமுன்னிசா. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத திருவொற்றியூர் ஜெயவேல்.

"மேடம், இந்தப் பத்து நாள்ல நான் கத்துக்கிட்டது ரெண்டே விஷயம்" என்றான் ஜெயவேல். "ஒண்ணு உங்க கடல் பாடம். இன்னொண்ணு, கண்ணத் தொறந்துகினே தூங்கறது."

ஸ்டானிஸ்லாஸ் சிரித்தார். "நமக்கு யாரும் கத்துக்குடுக்க வரமாட்டாங்கம்மா. நாமளே ஒருத்தருக்கொருத்தர் கத்துக்குடுத்துக்கிட்டாத்தான் உண்டு. மாசம் ரெண்டு சனிக்கிழமை எங்க ஸ்கூலுக்கு வாங்க. மத்தியானம் காலியாத்தான் கெடக்கும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒன்றாம் வகுப்பு அறை, மூன்று மணி, கெட்டிலில் டீ. தேறிய பாடத்தை அங்கே கொண்டுவரக் கூடாது, தோற்ற பாடத்தைத்தான் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தவர் முன் பெஞ்சில், புரியாமல் போன பிள்ளையாக உட்கார வேண்டும். பிள்ளையின் உண்மையான பெயரைச் சொல்ல வேண்டும். மற்ற மூவரும் அந்தப் பிள்ளைக்குப் பாடம் நடத்துவார்கள். பெஞ்சில் இருக்கிறவர் புரிந்தது போல நடிக்கக் கூடாது. புரிந்த பிறகு, திருத்திய பாடத்தை மறு வாரமே அந்தப் பிள்ளைக்குப் போய் நடத்தியாக வேண்டும். நன்றாக வந்ததை ஸ்டானிஸ்லாஸ் போஸ்ட் கார்டில் எழுதி, எண்ணூர், மணலி, தண்டையார்பேட்டை என்று தமக்குத் தெரிந்த பன்னிரண்டு வாத்தியார்களுக்கு அனுப்புவார். அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு எழுதுவார்கள்.

அவர் முதல் முதலாக எழுதி அனுப்பியது கடல் பாடம்தான். ரமாபாயைக் கேட்கக்கூட இல்லை. நல்லதைப் பரப்புவதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

ரமாபாய் தவறாமல் போனாள். பின்னங்களில் தடுமாறுகிறவன், எழுத்துக்கூட்டத் தெரியாதவள் என்று சின்னச் சின்னப் பிள்ளைகளாக எத்தனையோ தரம் பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த அறையில் அவளுக்கு மனசு லேசாகும். தன்னை நல்ல டீச்சர் என்று நம்புகிற மூன்று பேர் உலகத்தில் இருக்கிறார்கள் அல்லவா? அதை இழக்க அவள் தயாராக இல்லை.

மூன்றாவது கார்டு வந்த வாரம் சனிக்கிழமை, ஜெயவேல்தான் பேச்சை எடுத்தான். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்தான்.

"சார், இதுல உக்காந்தா முட்டி தாடைல இடிக்குது."

"கால் வளந்தது போதும் நைனா, இனிமே அறிவு வளரட்டும்" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"அறிவுன்னதும் நெனப்பு வருது. மேடம், உங்க கடல் பாடத்த போன வாரம் நடத்துனேன். ஒரு பொண்ணு மடக்கிருச்சு."

ரமாபாய் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வூடு மாறிட்டா கடல் எந்தக் கைன்னு கேட்டுச்சு. பேரு கேக்கறதுக்குள்ள பெல் அடிச்சிருச்சு."

"எந்தப் பொண்ணு?" என்றாள் ரமாபாய்.

"அதான் மேடம் தெரியல. பின்னால நின்னுச்சு. யூனிபாரம் போட்டிருந்துச்சு. அது எங்க ஸ்கூல் யூனிபாரமான்னு கேட்டா, சத்தியமா சொல்லத் தெரியாது."

ரஹீமுன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். "எங்க க்ளாஸ்லயும் கேட்டுச்சு. எங்க புள்ளைங்க அத்தினி பேரும் ரெட்டை ஜடை, ரிப்பன். அந்தப் புள்ள தலைல ரிப்பன் இல்ல. வலது கைய மட்டும் இப்படி நீட்டிக்கிட்டு நின்னுச்சு. பதில் சொல்லலாம்னு போர்டப் பாத்துட்டுத் திரும்பறேன், எடம் காலி."

ஸ்டானிஸ்லாஸ் பையிலிருந்து நாலைந்து கார்டுகளை எடுத்து மேசையில் பரப்பினார். "எனக்கும் எழுதியிருக்காங்க. பாடம் போன எடமெல்லாம் இந்தக் கேள்வியும் பின்னாலயே போவுது. ஒருத்தருக்கும் எந்தப் புள்ளன்னு தெரியல." அவர் ரமாபாயைப் பார்த்தார். சந்தேகமே இல்லாத பார்வை. "உங்க பாடம்மா. அடுத்த தடவ நீங்கதான் பெஞ்சு. அந்தப் பொண்ணா உக்காருங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். நடுவில் இரண்டு வாரம் இருந்தது.

அந்த இரண்டு வாரத்தில் நீங்கள் பயப்படும்படி எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஒரு பிள்ளை எழுந்து நிற்பது போல இருக்கும். திரும்பினால் எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான். அதற்காக அவள் கரும்பலகையில் எழுதுவதையே குறைத்துக்கொண்டாள்.

ஒரு வேளை கார்குழலி யாரிடமாவது சொல்லி, அது பிள்ளைகள் வாய்வழியாக ஊரெல்லாம் பரவியிருக்குமோ? அப்படி இருந்தால்கூடப் பிழைத்தோம் என்று தோன்றியது. கார்குழலி இப்போது ஐந்தாம் வகுப்பு. தண்ணீர்க் குழாயடியில் அவளைப் பிடித்தாள்.

"ராஜாத்தி விஷயம் யாராண்டயாவது சொன்னியாடி?"

"இல்ல டீச்சர்."

"உங்க அம்மாவாண்ட?"

"சொல்லல டீச்சர். நீங்கதான் சொல்லக் கூடாதுன்னீங்களே." பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டது. "இப்ப சொல்லலாமா டீச்சர்?"

பதினைந்து மாதமாகத் தனக்காக ஒரு குழந்தை அந்தப் பாவத்தைச் சுமந்துகொண்டு நின்றிருப்பதை ரமாபாய் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

சனிக்கிழமை வந்தது. போக வேண்டாம், உடம்பு சரியில்லை என்று கார்டு போட்டுவிடலாம் என்று முதல் நாள்வரை நினைத்திருந்தாள். கார்டை எடுத்தும் வைத்தாள். எழுதினால் அந்தக் கார்டுக்கும் பின்னால் அந்தக் கேள்வி போகுமோ என்று திரும்ப உள்ளே வைத்தாள். பஸ் ஏறிவிட்டாள்.

பெஞ்சில் உட்கார்ந்தாள். முட்டி நெஞ்சுக்கு வந்தது. ஜன்னல் வழியே துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. முதலில் பாடம் நடத்துவது ஜெயவேலின் முறை.

"பேரு இன்னாம்மா?"

வேறு ஒரு பெயரைச் சொல்வதென்று பஸ்ஸிலேயே முடிவுசெய்து வைத்திருந்தாள்.

"ராஜாத்தி."

அந்தக் குரல் தன் தொண்டையிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"ராஜாத்தி, உன் வூடு எங்க கீது?"

"எரிஞ்சு போச்சு சார்."

ஜெயவேல் சாக்பீஸைச் சுழற்றுவதை நிறுத்தினான். இப்படி ஒரு பதிலை அவன் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் நல்ல வாத்தியார், விடவில்லை. "சரிம்மா. இப்ப எங்க இருக்கீங்க?"

"கொடுங்கையூரு."

"எழுந்து நில்லு. கொடுங்கையூர் அந்தப் பக்கம். அதப் பாத்து நில்லு. இப்ப கடல் எங்க?"

ரமாபாய் மேற்குப் பக்கச் சுவரைப் பார்த்து நின்றாள். வலது கையைப் பார்த்தாள். இடது கையைப் பார்த்தாள். பிறகு முதுகில் காற்றுப் பட்டது.

"முதுகுல கீது சார்."

"அவ்ளோதான்! எந்தக் கையிலயும் இல்ல, முதுகுல. காத்து முதுகுல பட்டா வூட்டுக்குப் போறேன்னு அர்த்தம்." ஜெயவேலுக்கு ஒரே சந்தோஷம். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "சார், அரை நிமிஷம்கூட ஆவல. இதுக்குப் போயி எல்லாரும் பேஜாராயிட்டோம். கார்டு எழுதிரலாம்."

"அரை நிமிஷம்" என்றாள் ரமாபாய்.

"ஆமா மேடம்."

"அரை நிமிஷம்தான் ஆவுமா?"

அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். பெஞ்சில் உட்காரவில்லை, தரையில். ரஹீமுன்னிசா ஓடிவந்து தோளைப் பிடித்தாள். ரமாபாய் அவளைத் தள்ளவுமில்லை, அவள்மேல் சாயவுமில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். பட்டியல் எழுதிக்கொண்டிருந்தது, தலை நிமிராதது, நாலு நாள், கார்குழலி, காதில் சொன்ன வார்த்தை, திருவொற்றியூரில் இரண்டே தரம் கூப்பிட்டது. அழாமல் சொன்னாள். அழுதால் யாராவது தேற்றிவிடுவார்களோ என்று பயம்.

அவள் முடித்தபோது டீ ஆறிப்போயிருந்தது.

"அப்ப எங்க க்ளாஸ்ல நின்னது யாரு?" என்றான் ஜெயவேல்.

ஸ்டானிஸ்லாஸ் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "பன்னெண்டு பேருக்கு எழுதினவன் நான். பாடம் தப்பில்ல, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம அந்தப் பாடத்த நடத்தக் கூடாதுன்னு இன்னைக்கே எல்லாருக்கும் எழுதறேன்." அவர் ரமாபாயை 'அம்மா' என்று கூப்பிடவில்லை. அதை அவள் கவனித்தாள்.

ரஹீமுன்னிசாதான் கேட்டாள். "அந்தப் புள்ளயோட அம்மாக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"திருத்தின பாடத்த மறு வாரமே புள்ளைக்கு நடத்தணும்னு வெச்சிருக்கோம். புள்ள இல்ல. அம்மா இருக்காங்கல்ல?" அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நானும் வரேன். நீங்க தனியாப் போனா பாதி வழில எறங்கிருவீங்க."

மறுநாள் நாலு பேருமே போனார்கள். கொடுங்கையூரில் அன்று குப்பைமேட்டுப் புகை தெருவெல்லாம் கவிந்திருந்தது. குப்பம்மா தகரக் கொட்டகை வாசலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். துப்புரவு வேலைக்காரி. காலை வேலை முடிந்து குளித்திருந்தாள்.

"வா டீச்சர்" என்று சட்டென்று எழுந்தாள். "எதுனா தெரிஞ்சிதா?"

அந்த ஆசையைப் பார்த்தபோது ரமாபாய்க்கு அப்படியே திரும்பி ஓடிவிடத் தோன்றியது. ரஹீமுன்னிசா அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள். ரமாபாய் நின்றபடியே சொன்னாள். ஒன்றையும் விடவில்லை.

குப்பம்மா கையில் சீப்பு அப்படியே இருந்தது.

"ஒரு வருசத்துக்கு மேல ஆவுது டீச்சர். லாரி வர்ற ரோடெல்லாம் நானு தேடிகினு கீறேன். கெணறு கெணறா எட்டிப் பாத்தேன். குப்பைய கிளறும்போதெல்லாம் துணி தெரிஞ்சா இழுத்துப் பாப்பேன். எல்லாம் இந்தாண்ட. அவ அந்தாண்ட போனான்னு தெரிஞ்சிகினு நீ வாய மூடிகினு இருந்த."

"ஆமாம்மா."

"பரிச்சைக்கு மார்க்கு போடறதுக்கு அவ பேர எழுதுனியா, அடிச்சியா?"

"அடிச்சேன்."

குப்பம்மா கை ஓங்கினாள். ஸ்டானிஸ்லாஸ் ஓரடி முன்னால் வந்து, பிறகு தாமே நின்றுகொண்டார். ஓங்கிய கை கீழே இறங்கியது. "உன்ன அடிக்க எனக்கு இப்ப நேரம் இல்ல" என்றாள். "எம் பொண்ணுக்கு இன்னா சொல்லிக் குடுத்த? அத எனக்குச் சொல்லிக் குடு."

"அம்மா..."

"டீச்சர்தான நீ? சொல்லிக் குடு. நானு அவளாட்டமே நிக்கிறேன்."

ரமாபாய் சொல்லிக் கொடுத்தாள். பள்ளிக்கூட வாசலில் நின்று, கடலை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டால் முகம் எந்தப் பக்கம் இருக்கும், கால் எந்தப் பக்கம் போகும் என்று. குப்பம்மா புகைக்கு நடுவே வலது கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவ போறப்ப நாலு மணி வெயில். வெயில் எந்தாண்ட இருந்திருக்கும்?"

"இடது கைப் பக்கம்மா."

"மூஞ்சில பட்டிருக்காதே?"

"பட்டிருக்காது. கடல்காத்து அடிச்சிருக்கும்."

"சரி" என்றாள் குப்பம்மா. உள்ளே போய்ப் புடவை மாற்றி, கொட்டகையைப் பூட்டிக்கொண்டு வந்தாள். "வா. அவ பொறப்பட்ட எடத்துலேந்து, பொறப்பட்ட நேரத்துக்குப் பொறப்படணும்."

முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார்கள். ரமாபாய் கையெழுத்துப் போட்டாள். எழுத்தர் நிமிர்ந்து, "இத்தினி நாள் இன்னா பண்ணிகினு இருந்த?" என்று கேட்டார். வேலை நிலைக்குமா என்று அப்போது அவள் நினைக்கக்கூட இல்லை.

நாலு மணிக்குப் பள்ளி வாசலில் நின்றார்கள்.

"நீ முன்னால போ டீச்சர்" என்றாள் குப்பம்மா. "அவ எப்டிப் போயிருப்பாளோ அப்டிப் போ. மெதுவா நட. எட்டு வயசுக் கால்."

ரமாபாய் நடந்தாள். சின்னச் சின்ன அடியாக வைத்தாள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. வலது பக்கம் கருங்கற்கள், அதற்கப்பால் கடல். பின்னால் ஜெயவேலும் ரஹீமுன்னிசாவும் ஒவ்வொரு டீக்கடையாக, ஒவ்வொரு பங்க்சர் கடையாக நுழைந்து விசாரித்துக்கொண்டு வந்தார்கள். எட்டு வயசுப் பெண் பிள்ளை, போன வருஷம் ஏப்ரல், யூனிபாரம், ரிப்பன் கிடையாது. கடைக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரு வலை பின்னுகிற கிழவர் மட்டும் பார்த்த மாதிரி இருக்கிறது என்றார். எந்த வருஷம் என்று கேட்டதற்கு, "இந்தப் பக்கம் தெனம் ஒரு கொயந்த போவுதே" என்றார். ஸ்டானிஸ்லாஸ் அதையும் ஒரு கார்டில் எழுதிக்கொண்டார்.

இருபது அடி பின்னால் குப்பம்மா வந்தாள். அவள் செருப்புச் சத்தம் மட்டும் ரமாபாய்க்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

திருவொற்றியூருக்குப் பாதி வழியில், நின்றிருந்த லாரிகளுக்கு நடுவிலிருந்து ஒன்று திடீரென்று பின்பக்கமாக வந்தது.

"ராஜாத்தி!" என்று பின்னாலிருந்து குப்பம்மாவின் கத்தல். "ஓரமா போடீ, வண்டி வருது!"

ரமாபாய் ஓரத்துக்கு ஒதுங்கினாள். லாரி உரசிக்கொண்டு போயிற்று. புழுதி அடங்கியது. காற்று அவள் வலது கன்னத்தில் அடித்தது.

"சரிம்மா" என்றது அவள் வாய்.

பின்னால் செருப்புச் சத்தம் நின்றது. ரமாபாய் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள், பிள்ளைகள் அம்மா வருகிறவரை வழியில் நிற்பார்களே அந்த மாதிரி. சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்ததும், சின்ன அடியாக எடுத்து வைத்து மேலே நடந்தாள்.